வெள்ளத்தில் எந்தப் பேருந்து நிற்கும்? பொதுப் போக்குவரத்தின் காலநிலை இடரைத் திறமூலக் கருவிகளால் கணிப்பதற்கு ஒரு வழிகாட்டி

2023 டிசம்பர் 4 அன்று, மிக்ஜாம் புயலின் மழை சென்னையைச் சூழ்ந்திருந்தபோது, சென்னை மெட்ரோ ரயில் நிறுவனம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. பரங்கிமலை நிலையத்துக்குச் செல்லும் வழியில் சுமார் நான்கடித் தண்ணீர் நிற்பதால் பயணிகள் ஆலந்தூர் நிலையத்தில் ரயில் ஏறுமாறு அது கேட்டுக்கொண்டது. ரயில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நிலையத்துக்கு நடந்து போகும் தெருதான் இல்லாமல் போயிற்று. அதே நாளில் பேசின் பிரிட்ஜுக்கும் வியாசர்பாடிக்கும் இடையிலுள்ள 14ஆம் எண் பாலத்தில் நீர்மட்டம் உயர்ந்ததால், சென்ட்ரலிலிருந்து புறப்படவேண்டிய பல ரயில்கள் ரத்தாயின. ஒரு பாலத்தில் ஏறிய தண்ணீர் ஒரு பெருநகரின் தலைமை நிலையத்தையே முடக்கியது.

இந்த இரண்டு நிகழ்வுகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு இக்கட்டுரையைப் படிக்க வேண்டுகிறேன். வெள்ள வரைபடத்தின் மேல் பேருந்து நிறுத்தங்களைப் புள்ளிகளாக வைத்து, நீலத்துக்குள் விழும் புள்ளிகளை எண்ணுவதே காலநிலை இடர் மதிப்பீடு என்று தொடக்கத்தில் பலரும் எண்ணுகிறார்கள். அப்படி எண்ணினால் பரங்கிமலையும் தப்பிவிடும், பேசின் பிரிட்ஜும் தப்பிவிடும். நாம் கணிக்க வேண்டியது எந்தச் சொத்து நனைகிறது என்பதை அல்ல. யாருடைய பயணம் அறுந்துபோகிறது என்பதை. இதற்குத் தேவையான கருவிகள் அனைத்தும் இன்று இலவசமாகவும் திறந்த மூலநிரலோடும் கிடைக்கின்றன. ஓரளவு நல்ல மடிக்கணினியும் இரண்டு மூன்று வாரப் பொறுமையும் இருந்தால், நிரல் எழுதிப் பழகாத ஒருவரும் முதல் மதிப்பீட்டைச் செய்துவிடலாம். எடுத்துக்காட்டுகளைச் சென்னையிலிருந்து தருகிறேன். முறை எந்த ஊருக்கும் பொருந்தும்.

முதல் படி: கேள்வியைச் சிறிதாக்குங்கள்

"சென்னைப் பேருந்துகளுக்குக் காலநிலை மாற்றத்தால் என்ன ஆகும்" என்ற கேள்விக்கு எந்தக் கருவியாலும் விடை தர முடியாது. "வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பகுதிகளில் முழங்கால் அளவுத் தண்ணீர் தேங்கினால், அங்கு வசிப்போரில் எத்தனை பேர் ஒரு மணி நேரத்துக்குள் ஓர் அரசு மருத்துவமனையைப் பேருந்தில் அடைய முடியாமல் போகும்" என்ற கேள்விக்கு விடை காண முடியும். இடம், ஆபத்து, அதன் அளவு, பாதிப்பை அளக்கும் அலகு ஆகிய நான்கும் கேள்வியிலேயே இருக்க வேண்டும்.

இத்துறையில் இடர் என்பதை மூன்று பகுதிகளாகப் பிரித்துப் பார்ப்பது வழக்கம். வெள்ளம், வெப்ப அலை, புயல் போன்றவை ஆபத்து. அந்த ஆபத்தின் வழியில் இருக்கும் தடங்களும் பணிமனைகளும் பயணிகளும் அதற்கு உள்ளாகுபவை. உள்ளானபின் எவ்வளவு எளிதில் குலைகின்றன என்பது ஊறுபடும் தன்மை. ஓரிடத்தில் வெள்ளம் பெரிதாக இருந்தாலும் அங்கே மாற்றுத் தடம் இருந்தால் இடர் குறைவு. தண்ணீர் சிறிதாக இருந்தாலும் அந்த ஒரே சாலையைத்தான் ஐம்பது தடங்கள் நம்பியிருக்கின்றன என்றால் இடர் பெரிது. பின்வரும் படிகள் எல்லாம் இந்த மூன்றையும் தனித்தனியாகத் திரட்டிப் பிறகு ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்ப்பதற்கானவைதான்.

இரண்டாம் படி: மென்பொருளை நிறுவுங்கள்

க்யூஜிஐஎஸ் என்ற புவித்தகவல் மென்பொருள்தான் அடித்தளம். 2002 முதல் தன்னார்வலர்களும் நிறுவனங்களும் சேர்ந்து வளர்த்துவரும் இதில் வரைபட அடுக்குகளைத் திறக்கலாம், வெட்டலாம், ஒப்பிடலாம். நீண்டகால ஆதரவுள்ள பதிப்பையே நிறுவுங்கள்; புத்தம்புதிய பதிப்பில் சில நீட்சிகள் (கூடுதல் வசதி தரும் துணைநிரல்கள்) வேலை செய்யாமல் போகக்கூடும். தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் இலவச உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவைப் பெறுவதற்குக் குயிக்ஓஎஸ்எம் என்ற நீட்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவதாகப் பைதான் மொழியும், அதில் வரைபடத் தரவைக் கையாளும் ஜியோபாண்டாஸ், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் சாலைகளை எடுத்துத் தரும் ஓஎஸ்எம்என்எக்ஸ், ஆர்5பை ஆகிய மூன்று தொகுப்புகளும் வேண்டும். ஆர்5பை ஹெல்சிங்கி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கியது. கன்வேயல் நிறுவனத்தின் ஆர்5 என்ற பயணநேரக் கணிப்பு எந்திரத்தைப் பைதானிலிருந்து இயக்க உதவுகிறது. அதற்கு ஜாவாவும் நிறுவப்பட்டிருக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிட்டு அரைநாளை இழக்கிறார்கள். ஆர் மொழி தெரிந்தவர்கள் இதே எந்திரத்தை ஆர்5ஆர் தொகுப்பின் வழியாகப் பயன்படுத்தலாம். நகரம் முழுவதற்கும் கணக்கிட 16 ஜிபி நினைவகம் இருந்தால் நல்லது. ஒரு பகுதிக்கு மட்டும் என்றால் 8 ஜிபி போதும்.

மூன்றாம் படி: போக்குவரத்து வலையமைப்பைத் திரட்டுங்கள்

பேருந்து, ரயில் அட்டவணைகளைப் பகிர்வதற்கு உலகம் முழுவதும் ஜிடிஎஃப்எஸ் என்ற வடிவம் பயன்படுகிறது. 2005இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரப் போக்குவரத்து நிறுவனமான டிரைமெட்டும் கூகுளும் சேர்ந்து இதைத் தொடங்கின. பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டாம். அது சில எளிய உரைக் கோப்புகளைச் சுருக்கிக் கட்டிய ஒரு பொட்டலம். ஒரு கோப்பில் நிறுத்தங்களும் அவற்றின் அட்சரேகை, தீர்க்கரேகையும் இருக்கும், இன்னொன்றில் தடங்கள், மற்றொன்றில் ஒவ்வொரு நடையும் எந்த நிறுத்தத்தை எத்தனை மணிக்கு அடைகிறது என்ற விவரம், வேறொன்றில் தடம் செல்லும் கோட்டின் வடிவம். நள்ளிரவுக்குப் பின் ஓடும் பேருந்தின் நேரம் 25:10 என்று இருந்தால் அது பிழையன்று. முந்தைய நாளின் நடை தொடர்கிறது என்று பொருள்.

உங்கள் ஊரின் போக்குவரத்துக் கழகம் இந்தத் தொகுப்பை வெளியிடுகிறதா என்று முதலில் அதன் தளத்திலும், பிறகு மொபிலிட்டி டேட்டாபேஸ் என்ற உலகளாவிய பட்டியலிலும் தேடுங்கள். கிடைத்தவுடன் மொபிலிட்டிடேட்டா அமைப்பின் திறமூலச் சரிபார்ப்புக் கருவியில் இட்டுப் பாருங்கள். தேதியையும் கட்டாயம் பாருங்கள். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டு, தென்மாவட்டப் பேருந்துகள் கோயம்பேட்டிலிருந்து அங்கே மாறின. அதையொட்டி மாநகரப் பேருந்துத் தடங்களும் மாறின. அதற்கு முந்தைய தொகுப்பை வைத்துக்கொண்டு தென்சென்னையைப் பற்றி எதைச் சொன்னாலும் அது இன்று இல்லாத ஒரு நகரத்தைப் பற்றியதாகவே இருக்கும்.

தொகுப்பே கிடைக்காத ஊர்களில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தன்னார்வலர்கள் வரைந்த தடங்களையும் நிறுத்தங்களையும் குயிக்ஓஎஸ்எம் மூலம் இறக்கிக்கொள்ளலாம். அதில் நேர அட்டவணை இராது. ஆனால் எந்தச் சாலையில் எத்தனை தடங்கள் ஓடுகின்றன என்பது தெரியும். முதல் மதிப்பீட்டுக்கு அதுவே பெரிய செல்வம். ஒரு சிற்றூரில் பேருந்து நிலையத்தில் ஒரு நாள் உட்கார்ந்து கால அட்டவணைப் பலகையைப் பார்த்து நீங்களே தொகுப்பை உருவாக்கவும் முடியும்.

நிறுத்தங்களோடு நின்றுவிடாதீர்கள். பணிமனைகள், முனையங்கள், சுரங்க மெட்ரோ நிலையங்களின் நுழைவாயில்கள், மின்னேற்றும் இடங்கள் ஆகியவற்றையும் தனி அடுக்காகக் குறியுங்கள். சென்னையில் 2025 ஜூன் 30 அன்று 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகள் வியாசர்பாடி பணிமனையிலிருந்து ஓடத் தொடங்கின. டீசல் பேருந்தை மழைக்கு முந்தைய இரவே மேட்டில் கொண்டுபோய் நிறுத்திவைத்து மறுநாள் ஓட்டிவிடலாம். மின்னேற்றும் கருவியை நகர்த்த முடியாது. ஆகவே மின்சாரப் பேருந்துகள் பெருகப் பெருக, ஒவ்வொரு பணிமனையின் தரைமட்டமும் அங்குள்ள மின்கருவிகள் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் பொருத்தப்பட்டுள்ளன என்பதும் மதிப்பீட்டில் முதன்மை பெற வேண்டும்.

நான்காம் படி: ஆபத்தின் தரவைத் தேர்ந்தெடுங்கள்

அதிகம் தவறு நேர்வது இங்கேதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

உலகளாவிய வெள்ள வரைபடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. உலக வளங்கள் நிறுவனத்தின் அக்வடக்ட் வெள்ளத் தரவும், ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆய்வு மையத்தின் தரவும் புகழ்பெற்றவை. 10 ஆண்டு, 50 ஆண்டு, 100 ஆண்டு என மீள்காலம் வாரியாக ஆழத்தைத் தருகின்றன. "100 ஆண்டு வெள்ளம்" என்றால் நூறாண்டுக்கு ஒருமுறைதான் வரும் என்று பொருளல்ல. ஒவ்வோர் ஆண்டும் அது வருவதற்கு 1 விழுக்காடு வாய்ப்பு உண்டு என்று பொருள். அந்தக் கணக்குப்படி, 30 ஆண்டு ஆயுளுள்ள ஒரு பணிமனை அதைச் சந்திப்பதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 26 விழுக்காடு.

ஆனால் இத்தகைய வரைபடங்கள் பெரும்பாலும் ஆற்று வெள்ளத்தையும் கடல் ஏற்றத்தையும் மட்டுமே காட்டுகின்றன. பெய்த மழை வடிய வழியின்றித் தெருவிலேயே தேங்குவதைக் காட்டுவதில்லை. சென்னைக்கு இரண்டும் உண்டு. 2015 டிசம்பர் 1 தொடங்கிய மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. பதிவாகி, ஏரி திறக்கப்பட்டு அடையாறு பெருக்கெடுத்தது. அது ஆற்று வெள்ளம். அதன் கரையோரத்தை உலக வரைபடம் ஓரளவு காட்டும். தியாகராய நகரின் சுரங்கப்பாதைகளிலும் வேளச்சேரியின் உள்தெருக்களிலும் நிற்பது தேங்கிய மழைநீர். அதற்கு அந்த வரைபடத்தில் இடமே இல்லை. வரைபடம் வெள்ளையாக இருப்பதால் அங்கே ஆபத்தில்லை என்று எழுதிவிடக் கூடாது.

அடுத்ததாக, தரையின் உயரத் தரவு. கோப்பர்நிக்கஸ் திட்டத்தின் 30 மீட்டர் உயர மாதிரி எல்லோருக்கும் கிடைக்கிறது. அதில் பதிவாகியிருப்பது வெறுந்தரையன்று. கட்டடக் கூரையும் மரத்தின் உச்சியும் சேர்ந்த மேற்பரப்பு. அடுக்குமாடிகள் நெருங்கிய தெரு, உண்மையைவிடச் சில மீட்டர் உயரமாகத் தெரியும். சென்னையைப் போலக் கடல்மட்டத்திலிருந்து சில மீட்டரே உயர்ந்த சமதளத்தில் அரை மீட்டர் வேறுபாடுதான் ஒரு தெரு மூழ்குமா தப்புமா என்பதை முடிவு செய்கிறது. அந்த அரை மீட்டரை இத்தரவு அறியாது. மாநகராட்சியிடமோ ஒரு கல்லூரியின் குடிசார் பொறியியல் துறையிடமோ வான்வழி லேசர் அளவீட்டுத் தரவு இருந்தால் அதைக் கேட்டுப் பெறுவதற்குச் செலவிடும் ஒரு மாதம் வீண் போகாது.

மூன்றாவது, செயற்கைக்கோள் படம். ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-1 ரேடார் மேகத்தை ஊடுருவிப் பார்க்கும். 2014 முதல் அதன் படங்கள் இலவசம். அதே முகமையின் ஸ்நாப் என்ற திறமூல மென்பொருளில் வெள்ளத்துக்கு முந்தைய படத்தையும் பிந்தைய படத்தையும் ஒப்பிட்டால் நீர்ப்பரப்பு கருமையாகத் தனித்துத் தெரியும். வயல்வெளிக்கும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்கும் இது அருமையாகப் பொருந்தும். நெருக்கமான கட்டடங்களுக்கு இடையே ரேடார் அலை நீரிலும் சுவரிலும் மோதித் திரும்புவதால், அங்குள்ள நீர் கருமையாகத் தெரியாது. தவிரவும், செயற்கைக்கோள் சில நாள்களுக்கு ஒருமுறைதான் ஒரே இடத்தைக் கடக்கிறது. வெள்ளத்தின் உச்சத்தில் அது தலைக்குமேல் இருந்தே தீரும் என்று எதிர்பார்க்க முடியாது.

நான்காவதை நான் எல்லாவற்றிலும் மேலாக மதிக்கிறேன்: மக்கள் கண்ட தண்ணீர். 2015 வெள்ளத்தின்போது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை அடிப்படையாகக் கொண்ட ஓர் இணைய வரைபடத்தில், நீரில் மூழ்கிய தெருக்களைச் சென்னை மக்களே குறித்தார்கள். ஆயிரக்கணக்கான தெருக்கள் சேர்ந்தன. ஒவ்வொரு மழையிலும் மூடப்படும் சுரங்கப்பாதைகளின் பெயர்களை மாநகராட்சியும் போக்குவரத்துக் காவல்துறையும் அறிவிக்கின்றன. நாளிதழ்களில் அவை வருகின்றன. பத்தாண்டுச் செய்திகளைத் திரட்டித் தேதி, இடம், ஆழம் என்று ஓர் அட்டவணை போடுங்கள். செய்திகளில் ஆழம் சென்டிமீட்டரில் இராது. கணுக்கால், முழங்கால், இடுப்பு என்றே இருக்கும். முழங்காலை 45 முதல் 50 செ.மீ., இடுப்பை 90 முதல் 100 செ.மீ. என்று நான் எடுத்துக்கொள்கிறேன். இந்த மாற்றத்தை அட்டவணையின் தலைப்பிலேயே எழுதிவையுங்கள். பின்னால் வருபவர் திருத்துவதற்கு அது உதவும்.

வடிகால்களையும் சேர்த்து நீரோட்டத்தை உருவகிக்க வேண்டும் என்ற ஆர்வம் பிறந்தால், அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் எஸ்டபிள்யூஎம்எம், ஆஸ்திரேலியாவில் உருவான அனுகா ஆகியவை திறந்த நிரலோடு கிடைக்கின்றன. முதல் மதிப்பீட்டில் அவற்றைத் தொட வேண்டாம். வடிகாலின் அகலமும் சரிவும் தெரியாமல் அந்த மாதிரிகளை ஓட்டினால் அழகான, ஆனால் நம்பத்தகாத படங்களே கிடைக்கும்.

ஐந்தாம் படி: ஒன்றன்மேல் ஒன்று வையுங்கள்

எல்லா அடுக்குகளையும் முதலில் மீட்டர் அலகுள்ள ஒரே ஆயத்தொலைவு முறைக்கு மாற்றுங்கள். சென்னைக்கு யுடிஎம் மண்டலம் 44 வடக்கு, அதாவது மென்பொருளின் ஆயத்தொலைவு முறைப் பட்டியலில் இபிஎஸ்ஜி 32644 என்ற எண். இதைச் செய்யாவிட்டால், சாலையைச் சுற்றி 10 மீட்டர் பட்டை கேட்கும்போது 10 பாகை அகலப் பட்டை கிடைக்கும். அது இலங்கையையும் விழுங்கிவிடும்.

பிறகு தடங்களின் கோடுகளை 50 மீட்டர் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டைச் சுற்றியும் பட்டை வரைந்து, அதற்குள் உள்ள வெள்ள ஆழத்தைக் கணக்கிடுங்கள். சராசரியை எடுக்காதீர்கள், உச்ச ஆழத்தை எடுங்கள். நூறு மீட்டர் உலர்ந்திருந்து பத்து மீட்டர் ஒரு மீட்டர் ஆழத்தில் இருந்தாலும் பேருந்து நின்றுவிடும். ஒவ்வொரு துண்டின் வழியாகவும் ஒரு நாளில் எத்தனை நடைகள் செல்கின்றன என்ற எண்ணிக்கையையும் அட்டவணைக் கோப்பிலிருந்து எடுத்து அதனோடு இணையுங்கள்.

பாலமும் சுரங்கப்பாதையும் இந்தப் படியின் இரு பெரும் பொறிகள். நான் முதன்முதலில் இதைச் செய்தபோது கடற்கரை – வேளச்சேரி பறக்கும் ரயில் தடத்தின் பெரும்பகுதி நீரில் மூழ்கியதாக விடை வந்தது. உண்மையில் அது தூண்களின்மேல் உயரத்தில் ஓடுகிறது. கீழே இருக்கும் பக்கிங்ஹாம் கால்வாயின் நீரைக் கணினி தண்டவாளத்தின் கணக்கில் சேர்த்துவிட்டது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் பாலம் என்று குறியிடப்பட்ட துண்டுகளைத் தனியே பிரித்து, அவற்றின் ஆழத்தைச் சுழியமாக்க வேண்டும். ஆயினும் அவற்றை மறந்துவிடக் கூடாது: ரயில் பாதுகாப்பு விதிப்படி நீர்மட்டம் அபாயக் குறியைத் தொட்டாலே, தண்டவாளம் நனையாமலே ரயில் நிற்கும். வியாசர்பாடியில் நடந்தது அதுதான்.

சுரங்கப்பாதையில் தவறு எதிர்த்திசையில் நேரும். வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையை உயர மாதிரி பார்ப்பதில்லை. அதன்மேலே ஓடும் ரயில் மேட்டைத்தான் பார்க்கிறது. எனவே நகரில் முதலில் நிரம்பும் இடங்களில் ஒன்று கணினியில் மிக உயரமான, மிகப் பாதுகாப்பான இடமாகத் தோன்றும். சுரங்கப்பாதை ஒவ்வொன்றையும் கையால் குறித்து, செய்தி அட்டவணையிலிருந்து அதன் ஆழத்தை நீங்களே எழுதுங்கள். ஒரு நகரில் இவை சில டஜன்கள்தான் இருக்கும். ஒரு மாலை நேர வேலை. இதைவிடப் பயனுள்ள ஒரு மாலை இந்த மதிப்பீட்டில் வேறில்லை.

ஆறாம் படி: எந்த ஆழத்தில் எது நிற்கும்

சுமார் 30 செ.மீ. நீரில் சிறிய கார்கள் ஓட முடியாமல் போகும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். பேருந்துக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்திய நகரப் பேருந்துகளில் தரைத்தள உயரம் 400, 650, 900 மில்லிமீட்டர் என மூன்று வகைகள் உண்டு. தாழ்தளப் பேருந்து முதியோருக்கும் சக்கர நாற்காலியில் வருவோருக்கும் கிடைத்த பெரும் வரம். அதை வெள்ளத்தின் பெயரால் குறை சொல்ல நான் உடன்பட மாட்டேன். ஆனால் 45 செ.மீ. நீரில் அதன் தளத்துக்குள் தண்ணீர் புகும், பழைய உயர்தளப் பேருந்து கடந்துவிடும் என்பதைக் கணக்கில் காட்ட வேண்டும். நடந்து செல்பவருக்கு எல்லை இன்னும் குறைவு: மூடியில்லாத வடிகால் எங்கே இருக்கிறது என்று தெரியாத கலங்கல் நீரில் முழங்கால் அளவே உயிருக்கு ஆபத்து. ஆக, நடைபாதை, தாழ்தளப் பேருந்து, உயர்தளப் பேருந்து, ரயில் பாலம், மின்கருவி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறுத்த ஆழத்தை முடிவுசெய்து ஓர் அட்டவணையாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண்களைப் பணிமனையின் ஓட்டுநர்களிடம் காட்டித் திருத்துங்கள். எந்த ஆய்வுக் கட்டுரையையும்விட அவர்கள் சொல்வது துல்லியமானது.

ஏழாம் படி: வலையை அறுத்துப் பாருங்கள்

இப்போதுதான் ஆர்5பை வேலைக்கு வருகிறது. இரண்டு ஓட்டங்கள் வேண்டும்: ஒன்று வழக்கமான நாள், மற்றொன்று வெள்ள நாள். முதல் ஓட்டத்துக்கு மாற்றமில்லாத ஜிடிஎஃப்எஸ் தொகுப்பையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் சாலைக் கோப்பையும் கொடுங்கள். இரண்டாவதில், நிறுத்த ஆழத்தைத் தாண்டிய சாலைத் துண்டுகளை நீக்கிய கோப்பையும் திருத்திய தொகுப்பையும் கொடுங்கள்.

அறுந்த துண்டின் வழியே செல்லும் நடையை என்ன செய்வது? முழுவதும் ரத்து என்று கொண்டால் பாதிப்பு மிகையாகும். தடங்கலுக்கு இருபுறமும் பேருந்து திரும்பிவிடும் என்று கொண்டால், திரும்புவதற்கு இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சுற்றுப்பாதையில் செல்லும் என்று கொண்டால், அந்தச் சாலையில் பேருந்து நுழையுமா என்றும், மற்ற வண்டிகளும் அங்கேயே குவியும்போது எவ்வளவு தாமதமாகும் என்றும் பார்க்க வேண்டும். மூன்றையும் தனித்தனியாக ஓட்டி மூன்று விடைகளையும் வெளியிடுங்கள். உண்மை அவற்றுக்கு இடையில் எங்கோ இருக்கும்.

பகுதியை 500 மீட்டர் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்திலும் எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்பதைச் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் வேர்ல்ட்பாப் தரவிலிருந்து எடுங்கள். சென்றடைய வேண்டிய இடங்களாக ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், ராயப்பேட்டை ஆகியவற்றைக் கொடுக்கலாம். அதோடு நிறுத்தாமல் வேலைக்குச் செல்லும் இடங்களையும் கொடுங்கள். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய மறுகுடியமர்வுக் குடியிருப்புகளில் வாழும் பெண்கள் பலர் 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் கட்டணமின்றிப் பயணம் செய்து நகருக்குள் வீட்டுவேலைக்கு வருகிறார்கள். தடம் ஒரு நாள் நின்றால் அவர்களுக்கு ஒரு நாள் கூலி போகிறது. கார் வைத்திருப்பவர் வீட்டிலிருந்தே வேலை செய்துவிடுவார். நகரச் சராசரி ஒன்றை மட்டும் வெளியிட்டால் இந்த வேறுபாடு மறைந்துவிடும். எனவே முடிவைச் சதுரம் சதுரமாகவே காட்டுங்கள்.

எட்டாம் படி: ஆண்டுக் கணக்கு

ஒரு வெள்ளத்தின் பாதிப்பு தெரிந்தபின், பல மீள்காலங்களுக்கும் இதே கணக்கைச் செய்து, ஆண்டுக்குச் சராசரியாக எதிர்பார்க்கத்தக்க இழப்பைப் பெறலாம். விளக்கத்துக்காக மட்டும் கற்பனை எண்களில் சொல்கிறேன். 2 ஆண்டு மழையில் இழப்பு இல்லை. 10 ஆண்டு மழையில் 40,000 பயணி-மணிகள் (எல்லாப் பயணிகளும் இழந்த மணிநேரங்களின் கூட்டுத்தொகை). 50 ஆண்டு மழையில் 1,20,000. 100 ஆண்டு மழையில் 1,80,000 என்று வைத்துக்கொள்வோம். இவற்றின் ஆண்டு வாய்ப்புகள் முறையே 0.5, 0.1, 0.02, 0.01. இரண்டு இரண்டாக எடுத்து, இழப்புகளின் சராசரியை வாய்ப்பு வேறுபாட்டால் பெருக்கினால் 8,000, 6,400, 1,500 என்று வரும். 100 ஆண்டைத் தாண்டிய அரிய வெள்ளங்களுக்குக் குறைந்தது 1,800 சேர்த்தால் மொத்தம் ஆண்டுக்கு 17,700 பயணி-மணிகள். இதில் ஏறத்தாழப் பாதி, அடிக்கடி வரும் சிறு மழைகளிலிருந்து வருகிறது. பெருவெள்ளத்தை மட்டும் ஆராய்பவர்கள் இந்தப் பாதியைத் தவறவிடுகிறார்கள். ஒரு சுரங்கப்பாதைக்கு நல்ல நீரிறைப்பான் வைப்பது பல கோடி ரூபாய்த் திட்டத்தைவிட அதிகப் பயன்தரக்கூடும் என்பதை எடுத்துக்காட்டுவது இத்தகைய கணக்குதான்.

இதைத் தானியங்கியாகச் செய்யச் சூரிச் நகரின் இடிஎச் பல்கலைக்கழகத்தில் உருவான கிளைமடா என்ற பைதான் தொகுப்பு உண்டு. சாலை வலைகளுக்கென்றே நெதர்லாந்தின் டெல்டாரஸ் நிறுவனம் ரேஸ் என்ற கருவியைத் திறந்த நிரலாக வெளியிட்டிருக்கிறது. இரண்டும் சிறந்தவை. ஒருமுறையேனும் கையால் கணக்கிட்டுப் பார்த்துவிட்டு அவற்றுக்குச் செல்லுங்கள். இல்லையேல் தவறான விடை வந்தாலும் தவறென்று தெரியாது.

வெயிலைப் பற்றிச் சுருக்கமாக

மே மாத நண்பகலில் நிழலில்லாத நிறுத்தத்தில் இருபது நிமிடம் காத்திருப்பதும் காலநிலை இடர்தான். க்யூஜிஐஎஸ்ஸில் யுமெப் என்ற நீட்சி கட்டடம், மரம் ஆகியவற்றின் நிழலையும் மனித உடல் உணரும் கதிர்வீச்சு வெப்பத்தையும் மணிக்கு மணி கணக்கிடுகிறது. லேண்ட்சாட் செயற்கைக்கோளின் வெப்பப் படமும் கிடைக்கும். ஆனால் அது தரைப்பரப்பின் வெப்பத்தை முற்பகலில் அளப்பது, நாம் உணரும் காற்றின் வெப்பமன்று. நிறுத்தத்தின் வெப்பத்தை அங்கே பேருந்துக்குக் காத்திருக்கும் சராசரி நேரத்தால் பெருக்கிப் பார்த்தால், கூரை முதலில் எங்கே வேண்டும் என்பது தெரிந்துவிடும். எதிர்காலத்துக்கு நாசாவின் நெக்ஸ்-ஜிடிடிபி தரவைப் பயன்படுத்தலாம். அதன் ஒரு கட்டம் ஏறத்தாழ 25 கி.மீ. அகலம் என்பதால், அண்ணா நகருக்கும் அடையாற்றுக்கும் உள்ள வேறுபாட்டை அதில் தேட வேண்டாம்.

கடைசிப் படி: நடந்ததோடு ஒப்பிடுங்கள்

2023 டிசம்பரின் மழையை உள்ளீடாகக் கொடுத்து, நின்ற தடங்களையும் மூடிய சாலைகளையும் உங்கள் விடை சரியாகச் சொல்கிறதா என்று பாருங்கள். சரியாகக் கண்டவை, வீணாக எச்சரித்தவை, தவறவிட்டவை என்று மூன்று எண்ணிக்கைகளை முடிவோடு சேர்த்து வெளியிடுங்கள். நீரின் ஆழத்தை அரை மீட்டர் கூட்டியும் குறைத்தும் மீண்டும் ஓட்டுங்கள். முடிவு தலைகீழாக மாறும் இடங்களில் உறுதியாக எதையும் சொல்லாதீர்கள். செய்தியோ புகாரோ பதிவாகாத பகுதிகளைத் தனி நிறத்தில் காட்டுங்கள். வடசென்னையில் தண்ணீர் நின்றும் பதிவில் இல்லாத தெருக்கள் நிறைய உண்டு. தரவில்லாத தெருவுக்குப் பாதுகாப்பானது என்ற நிறத்தைத் தீட்டினால் அங்கே வாழ்பவர்களுக்கு இரண்டாவது முறை அநீதி இழைத்தவர்களாவோம்.

நிரலையும் அட்டவணைகளையும், நிரல்களைச் சேமித்துப் பகிர உதவும் கிட் களஞ்சியம் ஒன்றில் பொதுவில் வையுங்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவைப் பயன்படுத்தியதற்கு அதன் உரிமப்படி நன்றி குறிப்பிடுங்கள். பிறகு, பணிமனை மேலாளரின் மேசையில் ஒட்டக்கூடிய ஒரே தாளில், முதலில் அறுந்துபோகும் பத்து இடங்களையும், ஒவ்வொன்றின் வழியாகச் செல்லும் தட எண்களையும், பேருந்து திரும்பக்கூடிய இடங்களையும் அச்சிட்டுக் கொடுங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. அந்தத் தாள் செப்டம்பரில் அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.